அண்ணனின் கணுக்காலும் இரண்டு துணிக்கடைப் பைகளும்

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணோம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒருவர் "உடம்புக்கு முடியலையா, அல்லது விஷயம் தீர்ந்துபோச்சா?" என்று எழுதியிருந்தார். என்னைப் போலவே சந்தேகப்படுகிறவர்தான் எனக்கு வாசகராகவும் கிடைப்பார் போலிருக்கிறது. விஷயம் தீரவில்லை. உடம்புக்கு முடியாமல் போனது எனக்கில்லை, என் அண்ணனுக்கு.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் இரண்டாம் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்றோம். எங்கள் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவழியை ஒட்டிய பெஞ்சில் அண்ணன், வழிக்கு இந்தப் பக்கம் நான். எழுந்தவர் ஒரு கையால் முன் பெஞ்சைப் பிடித்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்தார். முதல் சரணம் முடிவதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

"பிராயம் ஆச்சுல்லா" என்றார் என் பக்கத்தில் நின்ற அக்கா. எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தார்கள். நான் மட்டும் பாட்டுப் புத்தகத்துக்கு மேலே எட்டி அண்ணனின் கணுக்காலைப் பார்த்தேன்.

கோயிலில் அடுத்தவர் காலைப் பார்க்கிறவள் என்று என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழில் தோஷம்! பாறசாலைக்கும் காரக்கோணத்துக்கும் நடுவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தில், ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து, அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளி ஃபைல்களைப் படிப்பது என் வேலை. மெடிக்கல் கோடிங். டாக்டர் எழுதிய நோய்க்குச் சரியான கோடு, அதாவது குறியீட்டு எண், போட்டிருக்கிறார்களா என்று பார்க்கிற ஆடிட்டர் நான். அதிலும் எனக்கு ஒதுக்கியிருப்பது பெரும்பாலும் ஹார்ட் பெயிலியர்.

ஹார்ட் பெயிலியர் என்றால் இதயம் நின்றுபோவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. அது ஓடுகிறது, ஆனால் வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ளும் தெம்பு அதற்கு இல்லை. உடம்பில் நீர் தேங்கும். கால் வீங்கும். மாத்திரையும் கவனமுமாக வருஷக்கணக்கில் வாழ்கிறவர்கள் உண்டு. எங்கள் கோடு புத்தகத்தில் இதற்கு ஐ-50 என்று தொடங்கும் பெரிய குடும்பமே இருக்கிறது. சிஸ்டாலிக்கா, டயஸ்டாலிக்கா, அதாவது இதயம் சுருங்குவதில் கோளாறா, விரிவதிலா? புதிதாக வந்ததா, நாள்பட்டதா, நாள்பட்டது திடீரென்று முற்றியதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். டாக்டர் வெறுமனே "ஹார்ட் பெயிலியர்" என்று எழுதிவிட்டுப் போனால் ஐ-50.9. 'விவரம் இல்லை' என்று அர்த்தம். எனக்குப் பிடிக்காத நம்பர் அது.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். எக்கோ ரிப்போர்ட், அதாவது இதய ஸ்கேன், கண்ணுக்கு முன்னால் இருக்கும். நீர் மாத்திரை கொடுத்திருப்பார்கள். கால் வீக்கம் என்று நர்ஸ் எழுதியிருப்பார். என்ன நோய் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் டாக்டர் எழுதவில்லையென்றால் நாங்கள் கோடு போடக் கூடாது. டாக்டரிடம் கேள்வி அனுப்ப வேண்டும். குவெரி என்போம். அந்தக் கேள்வியிலும் ஒரு சட்டம் இருக்கிறது: பதிலைக் கேள்விக்குள் வைக்கக் கூடாது. "இது ஹார்ட் பெயிலியர்தானே?" என்று கேட்டால் என் வேலை போய்விடும். "இந்த அறிகுறிகள் இருக்கின்றன, இவை எதனால் என்று எழுதுங்கள்" என்றுதான் கேட்கலாம்.

இந்தச் சட்டத்தைப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் நான் மாட்டிக்கொள்ளப் போகிறேன்.

அண்ணன் கணுக்காலுக்கு வருவோம். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு வருஷம் முன்பு ஹார்ட் அட்டாக் வந்தது. அதிலிருந்து இதயம் பலவீனம். நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் காட்டி வருகிறார். போன மாதம் கால் வீங்கியிருந்தது. அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். இப்போது பார்த்தால்... வீக்கமே இல்லை. குச்சிபோல எலும்பு தெரிகிறது. முகமும் வற்றியிருக்கிறது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "நீரு முழுக்க வத்திப்போச்சே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாசல் தூணில் சாய்ந்துகொண்டார்.

ஸ்தோத்திரம் எனக்கும் வாயில் வந்தது. ஆனால் இவ்வளவு சீக்கிரத்திலா? கால் இறங்கியிருந்தால் ஆள் தெம்பாக அல்லவா நடக்க வேண்டும்? ரொம்பச் சுத்தமாக ஒரு ஃபைல் வந்தால்தான் ஆடிட்டர் நிமிர்ந்து உட்காருவாள். நான் நிமிர்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போகாமல் நேராக அண்ணன் வீட்டுக்கு நடந்தேன்.

லில்லி மைனி, அதாவது அண்ணனின் மனைவி, அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். பின்வாசலில் ஒரு மண்சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. கஷாயச் சட்டி! மைனியின் பிறந்த வீட்டில் நீர் வீக்கத்துக்கு நீர்முள்ளிக் கஷாயம் வைத்துக் கொடுப்பது வழக்கம் என்பது எனக்குத் தெரியும். டாக்டர் கொடுத்த நீர் மாத்திரை ஒரு பக்கம், நீரை இறக்குகிற நீர்முள்ளி மறுபக்கம்... எனக்குள் ஃபைல் முடிந்துவிட்டது. கோடே போட்டுவிட்டேன்.

"மைனி, அண்ணனுக்கு நீர்முள்ளி அவிச்சுக் குடுத்தியதானே?"

மைனி அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"சுக்கும் மல்லியும் போட்டு எனக்கு வெச்சதாக்கும். எனக்க தொண்டைக்கு."

"மறைக்காதிய மைனி. அவருக்க நன்மைக்குத்தான் குடுத்திருப்பிய. எனக்குத் தெரியும்."

இப்போது திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"ரெண்டு வருஷமா உப்பில்லாம தனியா ஒரு கறி, தனியா ஒரு சட்டி. குடிக்கிற வெள்ளத்தை அளந்து குடுக்குதேன். நான் அவரைக் கொல்லப் பாக்குதேன்னு சொல்லுதியா பிள்ளே?"

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் என் கேள்வி அதைத்தான் சொன்னது. பதிலை உள்ளே வைத்துக் கேட்ட கேள்வி! எந்தச் சட்டத்தைப் பிள்ளைகளுக்கு நடத்துகிறேனோ அதையே சொந்த மைனியிடம் மீறியிருந்தேன். மைனி கரண்டியை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. சந்தேகமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முன்னறையில் அண்ணன் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் மாத்திரை வைக்கிற பிஸ்கட் டப்பா. திறந்தேன். சட்டென்று கண்ணைத் திறந்து டப்பாவின் மேல் கை வைத்தார்.

"அதில கை வைக்காத பிள்ளே. குளிகை எல்லாம் கலங்கிப்போவும்."

மாத்திரைக்கு எங்கள் பக்கத்தில் குளிகை என்றுதான் பேர். அது கலங்கினால் அடுக்கிக்கொள்ளலாமே, இவருக்கு எதற்கு இவ்வளவு பதற்றம்? அவர் கையை எடுக்கும் முன்பே நான் பார்த்துவிட்டேன். உள்ளே மருந்துக்கடைக் காகித உறைகள். பாதி உறைகளில் மலையாளம் அச்சடித்திருந்தது. மீதிப் பாதியில் 'காலை, மதியம், இரவு' என்று நல்ல தமிழ்.

நாங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் பாறசாலையில் எந்த மருந்துக்கடையும் தமிழில் உறை அச்சடிப்பதில்லை. அந்த உறை எல்லையைத் தாண்டி வந்திருக்கிறது.

"அந்தப் பக்கம் வேற டாக்டரைப் பார்த்தியதானே?" கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். ஒரு தடவை பட்டது போதும். பேனாவும் பழைய காலண்டர் தாளும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணே, கால் வீங்கினதுக்குப் பெறவு எங்கெல்லாம் போனிய? நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன்."

டிரைவரிடம் போன இடத்தைக் கேட்டால் மறைக்கத் தெரியுமா? முப்பது வருஷம் டிரிப் ஷீட்டோடு வாழ்ந்த மனிதர். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திங்களாழ்ச்ச நெய்யாற்றின்கரை போனேன். டாக்டர் லீவு. அடுத்த நாள் காலைல ஏழரைக்கு வீட்டுல இருந்து இறங்கினேன். பாறசாலை, இஞ்சிவிளை, களியக்காவிளை. அங்க வண்டி மாறி படந்தாலுமூடு, குழித்துறை..."

நிறுத்தினார். எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. பேனா தாளின் மேல் காத்திருந்தது.

"...மார்த்தாண்டம்" என்றார்.

பிறகு எழுந்து, தள்ளாடிப் போய், அலமாரியில் மடித்த வேட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு துணிக்கடைப் பையை எடுத்துவந்தார். நெய்யாற்றின்கரை ஃபைல் இருக்கும் பை எனக்குத் தெரியும், சிவப்பு. இது மஞ்சள். உள்ளே புது எக்கோ, புது ரத்தப் பரிசோதனை, புதுச் சீட்டு.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எல்லையோரத்தில் இருக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் டாக்டர் இரண்டு. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இவரைப் பற்றி அவரிடம் மூச்சுவிட மாட்டோம். ஒருவர் எழுதிய சீட்டை இன்னொருவரிடம் காட்டினால் அது மரியாதைக்கேடு. அதைவிட முக்கியம், காட்டினால் டாக்டர் பார்த்து எழுதிவிடுவாரே! பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளைக் காட்டலாமா? ஒன்றும் தெரியாதவர் மாதிரிப் போய் உட்கார வேண்டும். இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னால்தான் நோய் உறுதி. பக்கத்து ஊரான குளத்தூரிலும் இதுதான், எங்கள் தெருவிலும் இதுதான். ஆடிட்டர் வேலையை அமெரிக்காக்காரன் கண்டுபிடிக்கும் முன்பே நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம்.

"அவரும் அதேதான் சொன்னாரு" என்றார் அண்ணன், கொஞ்சம் பெருமையோடு. "பம்பிங் கொறவுன்னு. ரெண்டு பேருக்கும் ஒரே வாக்காக்கும்."

"செரி. வேற மருந்து திங்குதியளான்னு கேட்டாரா?"

"கேட்டாரு. ஒண்ணும் இல்லேன்னு சொன்னேன்."

"அப்போ மார்த்தாண்டம் குளிகையா திங்குதிய? பழசை நிறுத்தியாச்சா?"

அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என்னவோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல.

"எதுக்கு நிறுத்தணும்? ரெண்டு டாக்டரும் சரியாத்தானே சொல்லியிருக்காவ? அப்போ ரெண்டு மருந்தும் சரிதானே?"

பார்த்தீர்களா வேடிக்கையை? இரண்டு டாக்டரையும் நம்பாமல் புறப்பட்ட மனிதர், இருவர் பதிலும் ஒத்துப்போனதும் இருவரையும் முழுசாக நம்பிவிட்டார். ஐந்து வாரமாக, காலையில் மலையாள உறை, அரை மணி கழித்து தமிழ் உறை. ஒரு வேளை தவறவில்லை.

டப்பாவிலிருந்த மாத்திரை அட்டைகளைத் தரையில் பரப்பினேன். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பேர்கள், எல்லாம் வேறு வேறு. பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளே இருக்கும் மருந்தின் பேர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தேன். நீர் மாத்திரை இரண்டு வகை உறையிலும் இருந்தது. இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரையும், பிரஷரை இறக்குகிற மாத்திரையும் அப்படியே. மூன்று ஜோடி! அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து என் வாட்சைப் பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்துகூட வரவில்லை. மலையாள உறைகளைச் சிவப்புப் பையிலும் தமிழ் உறைகளை மஞ்சள் பையிலும் அள்ளிப் போட்டேன்.

"அண்ணே, சட்டையை மாத்துங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"சாப்பிட்டுட்டு வாறேன் பிள்ளே" என்று எழுந்தவர், எழுந்த வேகத்திலேயே என் தோளில் சரிந்தார். "தலை கெறங்குது" என்றார். அவர் கனம் என் மேல் இறங்கிய அந்த ஒரு நொடியில் நான் பயந்த மாதிரி அதற்கு முன் பயந்ததில்லை. ஃபைலில் எத்தனையோ பேர் இறந்துபோவதைப் படித்திருக்கிறேன். டீ குடித்துக்கொண்டே படித்திருக்கிறேன்.

என் கத்தல் கேட்டு முற்றத்திலிருந்து மைனி ஓடிவந்தார். பத்து நிமிஷத்தில் என் கணவர் காரோடு வந்துவிட்டார்; அதற்குள் இரண்டு பைக் கதையையும் மைனியிடம் சொல்லிவிட்டேன். வழியெல்லாம் மைனி அண்ணனின் தலையை மடியில் வைத்திருந்தார்.

காஷுவாலிட்டியில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர். பிரஷர் பார்த்தார், முகம் மாறியது. ஊசி, சலைன், ஈ.சி.ஜி. எல்லாம் மளமளவென்று நடந்தது. அண்ணனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்ததும் மலையாளத்தில் கேட்டார்: என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?

அண்ணன் சிவப்புப் பையை நீட்டினார். அதை மட்டும்.

மஞ்சள் பை என் கையில் இருந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பி, தமிழில், மெதுவாகச் சொன்னார்: "அதை எடுக்காத மக்கா. கேவலமாக்கும்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் ஒரு நொடி தயங்கினேன். உயிர் போகிற இடத்திலும் டாக்டர் முன்னால் அண்ணனின் மானம் போகக் கூடாது என்று என் கை நின்றது. நானும் இந்த ஊர்க்காரிதானே?

அந்த நொடியில் என் கையிலிருந்த பை போய்விட்டது. மைனி! வெடுக்கென்று பிடுங்கி டாக்டரின் மேசையில் தலைகீழாகக் கொட்டினார். எக்கோ, சீட்டு, தமிழ் உறைகள், எல்லாம்.

"இதும் இவருக்குள்ளதாக்கும் டாக்டரே. ரெண்டும் தின்னுதாரு. கேவலம்னா எனக்கு இருக்கட்டு."

டாக்டர் திட்டவில்லை. அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்தார். பிறகு அண்ணனின் கையைத் தட்டிச் சொன்னார்: "அங்கிளே, இது ரண்டும் ஒன்னு தன்னே." இரண்டும் ஒரே மருந்துதான்.

உடம்பில் இருந்த நீரெல்லாம் வற்றி, கிட்னி காயத் தொடங்கியிருந்தது. துடிப்பு பாதியாகியிருந்தது. "இன்னும் நாலு நாள் இப்படியே போயிருந்தால்..." என்று ஆரம்பித்தவர் மைனியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை நானே மனதுக்குள் முடித்துக்கொண்டேன்.

ஐந்து நாள் படுக்கை. துடிப்பு ஏறியது, கிட்னி திரும்பியது. அண்ணன் யார் தோளையும் பிடிக்காமல் வீட்டுக்குள் நடந்து வந்தார். டிஸ்சார்ஜ் சீட்டை நான்தான் முதலில் வாங்கிப் படித்தேன். நாள்பட்ட சிஸ்டாலிக் ஹார்ட் பெயிலியர் என்று வகையோடு எழுதியிருந்தார் அந்த டாக்டர். கீழே, ஒரே மருந்தை இரண்டு இடத்திலிருந்து வாங்கிச் சாப்பிட்டதால் வந்த கேடு என்றும் தெளிவாக. ஐ-50.9-க்கு இடமே இல்லை.

பழக்கதோஷத்தில் மனதுக்குள் கோடு போட்டுப் பார்த்தேன். மருந்து சாப்பிடாமல் ஏமாற்றுகிறவர்களுக்கு எங்கள் புத்தகத்தில் கோடு உண்டு. அண்ணன் ஏமாற்றவில்லை. இரண்டு டாக்டர் சொன்னதையும் ஒரு வேளை விடாமல் கேட்டார். அவ்வளவு நல்ல நோயாளிக்கு என்ன கோடு போடுவது? இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவர் சந்தேகப்பட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சந்தேகப்பட்டே சம்பாதிக்கிற நான் அதைச் சொன்னால் சாதம் தொண்டையில் இறங்குமா? இரண்டாவது டாக்டரிடம் போகலாம், மூன்றாவதிடமும் போகலாம். ஆனால் பையை ஒளித்துக்கொண்டு போகிறோமே, அங்கேதான் வினை. எங்கள் ஃபைலில் எழுதாதது நடக்காதது என்றுதான் கணக்கு. உடம்பு அப்படிக் கணக்கு வைப்பதில்லை. சொல்லாத மாத்திரையும் வேலை செய்யும்.

மைனியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நான் உங்களைக் கேட்ட விதம் தப்பு மைனி" என்றேன். மைனி மரச்சீனியும் மீன்கறியும் எடுத்து வைத்தார். உப்புப் போட்ட கறி, எனக்கென்று தனியாக. சரி, மன்னித்துவிட்டார் என்று பாதி தின்றிருப்பேன்.

மஞ்சள் பை என் மடியில் வந்து விழுந்தது. காலிப் பை.

"அண்ணனுக்க கடலாசு, சீட்டு எல்லாம் ஒரே பையில ஆக்கியாச்சு" என்றார் மைனி. "இது மிச்சம். நீ என்னெல்லாம் குளிகை திங்குத, எந்தெந்த டாக்டர்? நீயே சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன்."

கேள்வியைப் பார்த்தீர்களா? பதிலை உள்ளே வைக்காத, சுத்தமான குவெரி. நான் நடத்துகிற வகுப்பில் ஒரு பிள்ளையும் இவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை.

என்ன சொல்ல? என் பிரஷருக்குப் பாறசாலை டாக்டர். தைராய்டுக்கு மார்த்தாண்டம் டாக்டர். நாலு வருஷமாக அவருக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவரைத் தெரியாது. சாப்பாடு ஆறும்வரை மைனி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லிவிட்டேன். அன்று மாலையே என் உறைகளும் அந்தப் பைக்குள் போய்விட்டன, தமிழும் மலையாளமுமாக.

என் மார்த்தாண்டம் டாக்டர் இந்தப் பத்தியின் வாசகர், அதனால் அவருக்குச் சொல்லியாயிற்று. மன்னியுங்கள், டாக்டர். பாறசாலை டாக்டருக்குத் தமிழ் படிக்க வராது, நாளைக்கு நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும்.

கூடவே மைனியும் வருகிறார். நான் சொல்வேனா என்று அவருக்குச் சந்தேகம்!